பேய் வீட்டு நாவல்: எந்த வீட்டுக்குள் முதலில் நுழையலாம்?

ஆங்கிலத்தில் பேய் வீட்டு நாவல் ஒன்று படிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நீளமான பட்டியல்தான் கிடைக்கும். பட்டியலில் உள்ளவை எல்லாம் நல்ல புத்தகங்களாகவே இருக்கும். ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்று அதிலிருந்து தெரியாது. பொருந்தாத ஒன்றை எடுத்து, ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, இந்த வகையே நமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். திகில் கதைகளிலேயே மனித மனத்துக்கு மிக அருகில் போகிற வகை இதுதான் என்று நம்புகிறவன் நான். அதனால் ஐந்து நாவல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முடிவுகளைச் சொல்ல மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது? எது அதிகம் பயமுறுத்துகிறது என்று அளந்து பார்க்க வழியில்லை. ஒருவருக்கு உதறல் எடுக்கிற பக்கத்தை இன்னொருவர் கொட்டாவி விட்டபடி புரட்டிவிடுவார். நான் எந்தப் பேய் வீட்டுக் கதையைத் திறந்தாலும் ஒரே கேள்வியோடுதான் போகிறேன்: இவர்கள் ஏன் இந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை?

புளியமரத்துப் பேய்க்கும் பாழுங்கிணற்றுப் பேய்க்கும் ஒரு வழி இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டால் போதும். வீட்டுக்குள் இருப்பதை அப்படித் தவிர்க்க முடியாது. இருட்டினால் நாம் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டிய இடமே அதுதான். ஆகவே பேய் வீட்டுக் கதை எழுதுகிறவர், மனிதர்களை உள்ளேயே இருத்திவைக்க ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். காரணம் சொத்தையாக இருந்தால், எத்தனை கதவு கிறீச்சிட்டாலும் கதை நிற்காது.

இந்தக் கேள்வி மிகப் பழையது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான இளைய பிளினி ஒரு கடிதத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பேய் வீடு ஒன்றைப் பற்றி எழுதினார். இரவில் சங்கிலிச் சத்தம், விலங்கு பூட்டிய கிழவனின் உருவம், குடியிருக்க ஆளில்லாத வீடு. அதீனோடோரஸ் என்ற தத்துவவாதி அதை எடுக்க வருகிறார். விலை மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விசாரிக்கிறார். உண்மை தெரிந்த பிறகும் அந்த வீட்டையே எடுக்கிறார். அந்த மலிவான விலையிலிருந்து இன்றைய நாவல்கள் வரை ஒரு நேர்கோடு போட்டுவிடலாம். பேய் வீட்டுக்குள் மனிதர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற சக்திகளில் பணம் முதன்மையானது.

ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' (1977) அந்தப் பணத்தின் கதைதான். ஜேக் டாரன்ஸ் வேலை பறிபோன ஆசிரியர். மாணவன் ஒருவனைக் கைநீட்டி அடித்ததால் பள்ளி அவரை வெளியேற்றியிருக்கிறது. அதற்கு முன்பு, குடிபோதையில் தன் சின்னப் பிள்ளையின் கையை முறித்திருக்கிறார். இப்போது குடியை விட்டுவிட்டார், ஆனால் கையில் காசில்லை. பழைய குடிக்கூட்டாளி ஒருவரின் சிபாரிசில் கொலராடோ மலையில் உள்ள ஓவர்லுக் ஹோட்டலில் குளிர்காலக் காவல் வேலை கிடைக்கிறது. பனி விழுந்தால் சாலை மூடிவிடும். மனைவி வெண்டி, ஐந்து வயது மகன் டேனி, ஆளில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், அடித்தளத்தில் ஒரு பழைய பாய்லர். அதன் அழுத்தத்தைத் தினமும் மறக்காமல் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும்.

பலர் 1980இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலும் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தில் ஜேக் முதல் காட்சியிலிருந்தே ஒரு மாதிரியாகத் தெரிவார். நாவலில் அவர் மகனை நேசிக்கிற, தன் கோபத்தைக் கண்டு தானே பயப்படுகிற மனிதர். அங்கேதான் வலி இருக்கிறது. குளவிக்கூடு வருகிற பகுதியை இதற்காகவே படிக்க வேண்டும். கூரையைச் சரிசெய்யும்போது கண்டெடுத்த கூட்டுக்கு மருந்தடித்து, குளவிகள் செத்துவிட்டன என்று உறுதிசெய்து, மகனுக்கு ஆசையாகக் கொடுக்கிறார். இரவில் அந்தக் கூட்டிலிருந்து குளவிகள் உயிரோடு கிளம்பிப் பையனைக் கொட்டுகின்றன. அப்பா கொடுத்த பரிசு பிள்ளையைக் காயப்படுத்துகிறது, அதுவும் அவர் அறியாமல். ஹோட்டலில் பேய் இருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதற்கு முன்பே நம் வயிறு கலங்கிவிடுகிறது.

ஏன் கிளம்பவில்லை? பனி விழும் முன்பே அவர்கள் கிளம்பியிருக்கலாம். டேனியை மலையடிவார ஊரில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்ப மேலே ஏறி வருகிறார்கள். இந்த வேலையும் போனால் அப்பா உடைந்துவிடுவார் என்று டேனிக்குத் தெரியும். அம்மா மனத்தில் விவாகரத்து என்ற சொல் ஓடுவதும் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி உள்ள பிள்ளை அவன். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தை வாய்மூடி இருக்கிறது. கிங் 1974இல் எஸ்டஸ் பார்க்கில் உள்ள ஸ்டான்லி ஹோட்டலில் மனைவியோடு ஓர் இரவு தங்கியபோது இந்தக் கதை பிறந்தது. குளிர்காலத்துக்காக மூடப் போகிற ஹோட்டல், ஏறக்குறைய அவர்கள் மட்டுமே விருந்தினர்கள். குடிக்கு அடிமையாகிக் கொண்டிருந்த தன்னைப் பற்றியே அப்போது எழுதிக்கொண்டிருந்தோம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தனக்குப் புரிந்தது என்று அவரே பிற்பாடு எழுதினார். நாவல் 400 பக்கங்களுக்கு மேல். நடை சிரமம் தராது, வேகமாக ஓடும். நடுவில் ஹோட்டலின் பழைய வரலாறு வருகிற இடங்கள் சற்று நீளம்தான்.

இப்போது ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). ஐந்தில் எனக்கு மிகப் பிரியமானது இது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நாவல்.

எலினாருக்கு 32 வயது. நோயாளித் தாயைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள். அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். அமானுஷ்யத்தை ஆராயும் டாக்டர் மாண்டேக், ஹில் ஹவுஸில் வந்து தங்கும்படி அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டின் மேல் கல்மழை பெய்த சம்பவத்தை எங்கோ படித்து, இவளிடம் ஏதோ சக்தி இருக்கலாம் என்று நினைத்து அழைக்கிறார். அவளுக்கோ, வாழ்க்கையில் ஒருவர் தன்னை வா என்று கூப்பிட்டதே பெரிது. அக்காவோடு பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய காரை, அக்கா தர மறுத்தபிறகு, விடியற்காலையில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

பேய் வருவதற்கு முன்பே, அந்தப் பயண அத்தியாயத்திலேயே நாவல் என்னை வென்றுவிட்டது. வழியில் பார்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் அவள் மனத்துக்குள் குடியேறிப் பார்க்கிறாள். வாசலில் கல் சிங்கங்கள் உள்ள வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டதாகக் கற்பனை செய்கிறாள். உணவு விடுதியில் ஒரு சிறுமி, அடியில் நட்சத்திரங்கள் வரைந்த தன் கோப்பை இல்லாததால் பால் குடிக்க மறுக்கிறாள். விட்டுக்கொடுக்காதே என்று எலினார் மனத்துக்குள் அந்தக் குழந்தையிடம் கெஞ்சுகிறாள். பிறகு ஹில் ஹவுஸில் தன் சொந்த வீட்டைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது, வழியில் பார்த்த சிங்கங்களையும் கோப்பையையும் சேர்த்து ஒரு வீட்டைக் கட்டிவிடுகிறாள். அப்படி ஒரு வீடு அவளுக்கு இல்லை என்பது நமக்கு மட்டும் தெரியும்.

ஹில் ஹவுஸ் எண்பது ஆண்டுக்கால வீடு. கட்டியவர் எந்தக் கோணத்தையும் நேராக வைக்கவில்லை. எல்லாம் இம்மி இம்மியாகப் பிசகி, மொத்தத்தில் வீடே கோணலாகிவிட்டது. திறந்துவைத்த கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இங்கே பேய் என்று ஒன்று முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டுவதில்லை. இரவில் தாழ்வாரம் நெடுகக் கதவுகளைத் தட்டிக்கொண்டே ஒன்று வருகிறது, அவ்வளவுதான். சுவரில் எலினாரின் பெயரோடு ஓர் எழுத்து தோன்றுகிறது. வீட்டுக்கு வருவதைப் பற்றிய எழுத்து. எந்த வீட்டுக்கு?

அவள் ஏன் கிளம்பவில்லை என்ற கேள்விக்கு இந்த ஐந்து நாவல்களிலும் மிகக் கொடூரமான பதில் இதில்தான் இருக்கிறது. அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை, அவளை வேண்டும் என்று சொல்கிற முதல் இடம் இது. பயப்பட வேண்டிய வீடு அவளை ஏற்றுக்கொள்கிறது. அவளோடு அங்கே தங்கியிருக்கும் மற்ற மூவரும் பயத்தில் நெருக்கமாவதும் பிறகு மெல்ல விலகுவதுமாக இருக்கும்போது, வீடு மட்டும் விலகுவதில்லை. பேய் வீடு ஏன் நம்மை இழுக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன். நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமானது என்பதை அந்த ஆசைக்கே பற்களைக் கொடுத்து ஜாக்சன் காட்டிவிடுகிறார். அளவில் சின்ன நாவல், 'தி ஷைனிங்'கில் பாதிதான் இருக்கும். வாக்கியங்கள் எளிமையாகத் தோன்றும், ஆனால் அவசரமாகப் படித்தால் எது நடந்தது, எது எலினாரின் நினைப்பு என்பது கைநழுவிவிடும்.

இனி இரண்டு ஆங்கிலேய வீடுகள். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் கணப்பருகே உட்கார்ந்து பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தில் பழைய வழக்கம். ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898), சூசன் ஹில்லின் 'தி வுமன் இன் பிளாக்' (1983) இரண்டுமே அப்படி ஓர் இரவிலிருந்து தொடங்குகின்றன. அத்தோடு ஒற்றுமை முடிந்தது என்றே சொல்லலாம்.

ஜேம்ஸின் கதையில் பாதிரியாரின் மகளான ஓர் இளம்பெண், பிளை என்ற கிராமத்து மாளிகையில் இரண்டு குழந்தைகளுக்கு ஆசிரியையாக வருகிறாள். குழந்தைகளின் பெரியப்பா ஒரே நிபந்தனை போடுகிறார்: எது நடந்தாலும் எனக்கு எழுதித் தொந்தரவு செய்யக் கூடாது. அங்கே இறந்துபோன வேலைக்காரன் ஒருவனையும் முந்தைய ஆசிரியையையும் அவள் பார்க்கிறாள், அல்லது பார்ப்பதாகச் சொல்கிறாள். பேய்கள் உண்மையா, அவள் மனம் உருவாக்கியவையா? விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் எழுதிய கட்டுரையில் அவை அவளுடைய மனப்பிரமை என்று வாதாடியதிலிருந்து இந்தச் சண்டை சூடுபிடித்தது, இன்னும் ஓயவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சர்ச்சில் இருக்கும்போது அவள் ஓடிப்போய்விடத் தீர்மானித்து வீட்டுக்குத் தனியாகத் திரும்புகிறாள். மூட்டை கட்ட வந்தவள், பாட அறையில் தன் மேசையில் இறந்த ஆசிரியை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். அதன்பின் கிளம்பவில்லை. கடமையா, பிடிவாதமா, அந்தக் குழந்தைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்ற வெறியா? மகத்தான நாவல் இது. ஆனால் முதலில் படிக்க இதைச் சொல்லவே மாட்டேன். ஜேம்ஸின் வாக்கியங்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும், ஒரு பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் இதில் தொடங்கிப் பாதியில் விடுகிறார்கள்.

சூசன் ஹில் எழுதியது இதற்கு நேரெதிர். ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் வக்கீல், இறந்துபோன மூதாட்டி ஒருவரின் காகிதங்களைச் சரிபார்க்க ஈல் மார்ஷ் ஹவுஸுக்குப் போகிறான். சதுப்பு நிலத்தின் நடுவே வீடு. கரையிலிருந்து ஒரே ஒரு தடம்தான் போகிறது, கடல் ஏறினால் அதுவும் மூழ்கிவிடும். மூடுபனியில் ஒரு குதிரை வண்டி சேற்றில் சிக்கும் சத்தம், ஒரு குழந்தையின் அலறல். அந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த நாவலில் எனக்கு மறக்காதது அதுதான். ஏன் கிளம்பவில்லை என்பதற்குப் பாதிப் பதிலைக் கடலே சொல்லிவிடுகிறது. மீதிப் பாதி இளமையின் வீம்பு: கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பேர் வாங்க வேண்டும், கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது. எலினாரின் காரணத்தோடு ஒப்பிட்டால் இது மெலிந்ததுதான். அதனால் இந்த நாவல் மனத்தை அவ்வளவு தூரம் கிண்டுவதில்லை. ஆனால் பழங்காலப் பேய்க்கதையின் வடிவத்தை இவ்வளவு சுத்தமாக, இத்தனை சின்ன அளவில் செய்துகாட்டியவர்கள் குறைவு. இதை வைத்து ஸ்டீபன் மாலட்ராட் எழுதிய நாடகம் லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டரில் 1989 முதல் 2023 வரை ஓடியது. மேடையில் பேசுகிறவர்கள் இரண்டே நடிகர்கள்!

ஐந்தாவது சாரா வாட்டர்ஸின் 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' (2009). அந்த ஆண்டு புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. இங்கே என் கேள்வி தலைகீழாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து. ஹண்ட்ரட்ஸ் ஹால் என்ற ஜமீன் மாளிகை ஒழுகிக்கொண்டு நிற்கிறது, பல அறைகளைப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள், நிலத்தைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது சுமை. வெளியிலிருந்து வரும் டாக்டர் ஃபாரடேக்கோ அது சிறுவயதுக் கனவு. அவருடைய அம்மா ஒரு காலத்தில் அங்கே வேலைக்காரியாக இருந்தவர். சின்னப் பையனாக அந்த மாளிகைக்குள் ஒருமுறை நுழைந்தபோது, சுவரின் அலங்கார வேலைப்பாட்டிலிருந்து சுண்ணப் பூச்சில் செய்த ஓக் மரக் காய் ஒன்றைக் கத்தியால் பெயர்த்தெடுத்திருக்கிறார். அவ்வளவு ஆசை. அந்த வீட்டைப் பிடித்து ஆட்டுவது எது என்ற கேள்வியை இந்த ஆசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பூர்வீக வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று குடும்பத்துக்குள் நடக்கிற பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பல பக்கங்கள் சொந்த அனுபவமாகவே தோன்றும். ஒரே குறை, மிக மெதுவாக நகரும். 500 பக்கத்துக்குப் பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் பலர் சிபாரிசு செய்வார்கள்: ரிச்சர்ட் மேத்திசனின் 'ஹெல் ஹவுஸ்' (1971). சாகப் போகும் கோடீஸ்வரர் தலைக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, ஆய்வாளர்களை ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் அனுப்புகிறார். விறுவிறுப்பில் குறையில்லை. ஆனால் காரணம் பணத்தோடு நின்றுவிடுகிறது, பெண்கள் மீது பாலியல் வன்முறை நிறைய வருகிறது. முதல் புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சரி, எதை எடுப்பது? ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லை, இரண்டு மூன்று இரவுகளில் ஒன்றை முடித்த திருப்தி வேண்டும் என்றால் 'தி வுமன் இன் பிளாக்'. மழைக்காலத்து விடுமுறை கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய நாவலுக்குள் வாரக்கணக்கில் குடியிருக்கப் பிடிக்கும், வேகமும் வேண்டும் என்றால் 'தி ஷைனிங்'. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: குடிக்கிற அப்பாவோடு வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணத் திகில் நாவலாக இருக்காது. சிலருக்கு அதுவே ஆறுதலாக இருக்கலாம், சிலருக்குத் தாங்காமல் போகலாம். யோசித்து எடுங்கள். 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' திகிலைவிட குடும்பக் கதையும் வர்க்கமும் பிடித்தவர்களுக்கு. ஜேம்ஸை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளலாம், கூடவே படிக்க ஒரு நண்பரும் இருந்தால் சண்டை போட வசதி.

ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்கிறவருக்கு என் பதில் 'ஹில் ஹவுஸ்'தான். அதில் பயம் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். பேய் தோன்றும் காட்சிகளை எண்ணினால் அது சரிதான். எலினாரின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் அப்படித் தோன்றாது.

நெட்ஃபிளிக்ஸில் 2018இல் வந்த தொடரைப் பார்த்துவிட்டோமே, இனி நாவல் எதற்கு என்று தயங்க வேண்டாம். மைக் ஃபிளனகன் எடுத்த அந்தத் தொடர், வீட்டின் பெயரையும் சில பாத்திரங்களின் பெயர்களையும் வைத்துக்கொண்டு, வேறொரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறது. நாவலை ஓரளவு அப்படியே படமாக்கியது ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதை மட்டும் நாவலை முடித்த பிறகு பாருங்கள். தட்டுகிற சத்தத்தை அந்தப் படம் நன்றாகக் கேட்க வைக்கும். ஆனால் வழியில் அவள் மனத்துக்குள் குடியேறிப் பார்த்த வீடுகளை முதலில் புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும்.